ஆறாம் வரிசை முப்பத்தொண்ணுக்கு ஒரு பேர்

நவம்பர் 3

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். முதுகைப் பத்திக் கேக்காதே, அது தனி ஆள் மாதிரி நடந்துக்குது. நீ எப்படி இருக்கே? மாப்பிள்ளைக்குப் பல் வலின்னு எழுதியிருந்தியே, பிடுங்கியாச்சா, இல்ல இன்னும் பயந்துக்கிட்டுக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரா?

விஷயத்துக்கு வர்றேன். ஆறாம் வரிசையில முப்பத்தொண்ணாம் நம்பர் கொடின்னு ஒண்ணைப் பத்தி அப்பப்ப எழுதுவேனே, ரெண்டு ஜாதியைக் கலந்து நானே உண்டாக்கின வெள்ளைத் திராட்சை, அது பாஸ் ஆயிடுச்சு. அதோட பழத்துல போட்ட ஒயினை மூணு பெரிய ஆளுங்க குடிச்சுப் பார்த்தாங்க. குடிச்சதும் ஒருத்தர் இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லிக் கிளாஸை நீட்டினார். பதினோரு வருஷ உழைப்பு, வாலு.

ஆனா பண்ணைக்குப் புதுசா ஒரு மேலாளர் வந்திருக்கார். பிப்ரவரியில கிளை வெட்டி விடுற கவாத்து முடியறதுக்குள்ள அதுக்கு ஒரு பேர் பதிவாகணுமாம். இல்லேன்னா அந்த வரிசையையே பிடுங்கிட்டு சிவப்புத் திராட்சை நடப்போறாராம். நம்பரை நம்பி எந்த விவசாயியும் கன்று வாங்க மாட்டான்னு சொல்றார், அதுவும் சரிதான். போன தடவை நான் ஒரு கொடிக்கு "நடுத்தரக் காய்ப்பு வெள்ளை"ன்னு பேர் வெச்சேன். ஒரு கன்று விக்கலை.

ஒயின் கம்பெனியில உக்காந்து பாட்டிலுக்குப் பேர் வெக்கிறதே வேலையா இருக்கிற தங்கச்சியை வெச்சுக்கிட்டு நான் ஏன் முழிக்கணும்? நீதான் வெச்சுத் தரணும். ஆபீஸ் போன் மழையில போனது போனதுதான், அதனால கடிதமே போடு.

உன் அண்ணன்


நவம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைப் படிச்சுட்டு ஆபீஸ்லயே கைதட்டிட்டேன், பக்கத்து மேஜைக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாங்க. இங்க எல்லாரும் நலம். பல் பிடுங்கியாச்சு. பிடுங்கின டாக்டருக்குத்தான் கையில கட்டு.

நான் கேக்க வேண்டியது உன் முதுகு இல்லை, அந்தக் காய்ச்சல். என் கல்யாணத்தன்னிக்கு முதல்ல வந்துது. புது வீட்டுக்குக் குடிவந்தோம், அன்னிக்கும் வந்துது. எனக்குப் பெரிய பதவி குடுத்து விருந்து வெச்சாங்க, அன்னிக்கும். எல்லாம் மே மாசம். ஒரே மாசத்துல தேடி வர்ற காய்ச்சலைத் தன் அனுபவத்துல பார்த்ததில்லைன்னு எங்க டாக்டர் சொல்றார். இந்த வருஷ ஸ்வெட்டரும் பின்னி முடிச்சாச்சு, பார்சல்ல வருது. போட்டுக்கோ, பெட்டியில மடிச்சு வெக்காதே.

பேர் கண்டிப்பா நான்தான் வெப்பேன். ஆனா என் தொழில்ல எனக்கு ஒரு முறை இருக்கு. சரக்கோட பிறந்த கதை முழுசாத் தெரியாம பேர் வெக்க மாட்டேன், ஒரு வாய் குடிச்சும் பார்க்க மாட்டேன். போன வருஷம் ஒரு வெள்ளை குடோன்ல தூங்கிக்கிட்டு இருந்துது. பழைய பேரைச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கும், ஹோட்டல்ல ஆர்டர் பண்ண வெக்கப்பட்டுக்கிட்டு ஆளுங்க தண்ணி குடிச்சாங்க. விசாரிச்சா, அது எப்பவும் பன்னெண்டு மணி வெயில்ல பறிக்கிற பழமாம். "மத்தியானம்"னு மாத்தினேன். இப்போ கேட்டாக் கிடைக்க மாட்டேங்குது.

அதனால எழுது. எந்த நாள், எத்தனை மணி, வெயிலா மழையா, யார் யார் இருந்தாங்க, எல்லாம் வேணும்.

உன் தங்கச்சி


நவம்பர் 29

அன்புள்ள வாலுக்கு,

ஸ்வெட்டர் வந்துது. அளவு சரியா இருக்கு. மாப்பிள்ளைக்கும் அந்த டாக்டருக்கும் என் விசாரிப்பைச் சொல்லு. நீ ராத்திரி கண் முழிச்சுப் பின்னாதே, கண்ணு கெட்டுடும்.

கதை கேட்டே. தாய்க்கொடி, தண்ணித் தொட்டி ஓரம் இருந்த பழைய கொடி. என் தொடை தண்டி இருக்கும், உள்ளே பட்டுப்போக ஆரம்பிச்சிருந்துது. அடுத்த வருஷம் பூக்கும்னு சொல்ல முடியாத நிலைமை. தகப்பன், மேட்டு நிலத்துக் கொடி. திராட்சைப் பூ கடுகை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். அது தலையில ஒரு பச்சைத் தொப்பி இருக்கும். தொப்பி தானா விழறதுக்கு முன்னாடி இடுக்கியால அதைக் கழட்டி, உள்ளே இருக்கிற அஞ்சு மகரந்தக் காம்பையும் கிள்ளி எடுக்கணும். ஒரு கொத்துல இருநூறு முந்நூறு பூ. அப்புறம் காகிதப் பையால மூடி வெச்சு, சூல் முனையில ஈரம் தெரியிறப்ப தகப்பன் கொடியோட மகரந்தத்தைத் தூரிகையால தொட்டு வெக்கணும். நாம காத்திருக்கலாம், பூ காத்திருக்காது.

அன்னிக்கு நல்ல வெயில். காத்து இல்லை. நான் ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டிருந்தேன். கூட யாரும் இல்லை, எல்லாரும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாங்க. முளைச்ச விதையில முப்பத்தொண்ணாவதுதான் இது.

ஒரு பாட்டில் பஞ்சு சுத்தி அனுப்பியிருக்கேன். இது போதும்னு நினைக்கிறேன்.

அண்ணன்


டிசம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாட்டில் உடையாம வந்துது. இவர் அதைச் சுத்திச் சுத்தி வர்றார், நான் தொட விடலை. உன் முதுகுக்குத் தைலம் அனுப்புறேன்.

கதை ரொம்பப் பிடிச்சுது, தொப்பி கழட்டுறதை குடோன் ஆளுங்களுக்கே நடிச்சுக் காமிச்சேன். ஆனா நீ பிஸ்கட்டைச் சொன்னே, தேதியைச் சொல்லலை. பதிவு அலுவலகப் படிவத்துல ஏழாவது கட்டமே "கலப்பு செய்த நாள்"தான். அது காலியா இருந்தா அந்த அதிகாரி மேற்கொண்டு ஒரு வரி படிக்க மாட்டார்.

இங்க பேர் தேடுற கூத்தைக் கேளு. முதலாளி "தங்க நிலா"ன்னு சொல்றார். பதிவேட்டைப் புரட்டினேன். நிலா மட்டும் பதினாலு இருக்கு, முத்து ஒன்பது, பனித்துளி ஆறு. வெள்ளைத் திராட்சைக்குப் பேர் வெக்கச் சொன்னா ஏன் எல்லாரும் வானத்தையே அண்ணாந்து பார்க்கிறாங்கன்னு தெரியலை. கொடி மண்ணுல இருக்கு, பக்கத்துல ஒரு மனுஷன் முதுகு வலியோட குனிஞ்சு நிக்கிறான், அதை யாரும் பார்க்கலை. எனக்கு அந்த மனுஷன் கதைதான் வேணும்.

தேதி அனுப்பு. என்ன விசேஷம் அது, ஊரே போச்சுன்னா?

உன் தங்கச்சி


டிசம்பர் 30

அன்புள்ள வாலுக்கு,

தைலம் நல்லா வேலை செய்யுது. இங்க குளிர் அதிகம். தண்ணித் தொட்டி மேல பனி ஏடு கட்டுது. நம்ம பண்ணை மேஸ்திரிக்குப் பேத்தி பிறந்திருக்கா. எலி வந்து காகிதப் பை எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுடுச்சு.

மே மாசம்னு போட்டுக்கோயேன். போதாதா?

அண்ணன்


ஜனவரி 9

அண்ணா,

போதாது.

நீ எப்போ தலைமுடி வெட்டினேன்னு கூட நோட்டுல குறிச்சு வெக்கிற ஆள். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி மே மாசம், சரி. எத்தனாம் தேதி?

இவருக்கும் எனக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லை. உனக்கும் ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன்.

தங்கச்சி


ஜனவரி 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது அஞ்சாவது.

மே பத்தொன்பது. உன் கல்யாண நாள்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. காலை ஏழு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன், சட்டையெல்லாம் தேய்ச்சு மாட்டியிருந்துது. கிளம்புறதுக்கு முன்னாடி தொட்டி ஓரம் ஒரு எட்டு பார்க்கலாம்னு போனேன். ரெண்டு நாள் கழிச்சுப் பூக்கும்னு நினைச்ச கொடி, வெயில் ஏறினதுல முந்திக்கிச்சு. தொப்பி எல்லாம் லேசா விரிசல் விட்டு நிக்குது. சாகப்போற கொடி, இதை விட்டா இன்னொரு தடவை இல்லை. ஒரு கொத்தை முடிச்சுட்டு ஓடிடலாம்னு இடுக்கியை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தப்ப மணி பதினொண்ணு.

நீ அங்க பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்த நேரம். அப்பா அம்மா இல்லாத உனக்கு சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். நான் இடுக்கியை எடுத்தப்ப கல்யாணத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருந்த மேஸ்திரிகிட்ட, நான் வந்து சேரலேன்னா காய்ச்சல்னு சொல்லிடுன்னு சொல்லியிருந்தேன். நீ அழுதேன்னு அவர் திரும்பி வந்து சொன்னார். அப்புறம் எப்படி உண்மையைச் சொல்றது? ஒரு பொய்யைக் காப்பாத்த வருஷா வருஷம் பூக்கிற நேரத்துல காய்ச்சல் வரவேண்டியதாப் போச்சு. நீ ஸ்வெட்டர் அனுப்ப அனுப்ப எனக்குள்ள குறுகிப்போகும்.

பதினோரு ஸ்வெட்டரும் இருக்கு. ஒண்ணைக் கூட நான் போட்டதில்லை. போட எனக்குத் தகுதி இல்லைன்னு தோணும்.

அண்ணன்


பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வெள்ளைத் திராட்சை ரகம் (வரிசை 6, எண் 31) தொடர்பான விவரங்கள் எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தன. ஏழாவது கட்டம் பூர்த்தி செய்யப்பட்டது.

பெயர் குறித்துப் பரிசீலித்து வருகிறோம். முடிவு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும். தங்கள் உடல்நலம் பற்றி விசாரிக்கும் பழக்கத்தை எங்கள் அலுவலகம் கைவிட்டுவிட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெயர் சூட்டும் பிரிவு


பிப்ரவரி 18

அன்புள்ள வாலுக்கு,

ஐயான்னு எழுதியிருக்கே. மேஸ்திரிகிட்ட காட்டினேன், "நல்லா வேணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

மேலாளர்கிட்ட பேசிட்டேன். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன், வரிசையைப் பிடுங்கிடுங்கன்னு சொல்லியிருக்கேன். அந்தக் கொடி பேர் வாங்கிப் பெருசாகி, நீ போற வர்ற கடையிலெல்லாம் உன் கண்ணுல பட்டுக்கிட்டு இருக்க வேண்டாம். பிப்ரவரி இருபத்தெட்டு வரைக்கும் டைம் இருக்குன்னார். எனக்கு வேண்டாம்னேன்.

கொடி போனா போகட்டும். எனக்கு நீ வேணும். நீ மறுபடியும் காய்ச்சலான்னு கேட்டு எழுதுறது வேணும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, அவர் ஏத்துக்கிட்டா.

அண்ணன்


பிப்ரவரி 23

அண்ணா,

அவசரக் கடிதம். பிடுங்காதே. ஒரு கொடியைத் தொட்டாலும் நான் அங்க வந்து உன்னைப் பிடுங்குவேன்.

முதல்ல திட்டி முடிச்சுடறேன். அன்னிக்கு நான் பேனாவை மூடி வெச்சுட்டு நாப்பது நிமிஷம் உனக்காகக் காத்திருந்தேன். பதிவாளர் கடிகாரத்தைக் காட்டிக்கிட்டே இருந்தார். கடைசியில உன் இடத்துல போட்டோ எடுக்க வந்தவர் கையெழுத்துப் போட்டார். என் கல்யாணத்துக்கு சாட்சி, நான் பேர் கூட கேக்காத ஒரு போட்டோக்காரர். அதுக்கு மேல பதினோரு ஸ்வெட்டர், வெயில் கொளுத்துற மே மாசத்துல வராத காய்ச்சலுக்கு. மூணு நாள் மனசுக்குள்ள கூட உன்னோட பேசலை. அப்புறம் இவர் என்னைக் கேக்காமலே உன் பாட்டிலைத் திறந்துட்டார். ஒரு கிளாஸ் குடிச்சுட்டு, "இதுக்காகன்னா நானும் என் கல்யாணத்துக்கு வந்திருக்க மாட்டேன்"னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே நானும் குடிச்சேன். நல்லாத்தான் இருக்கு, பாவி.

இப்போ பேர். போன வாரம் குடோன்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னேன். பெட்டி தூக்குறவர் என்னம்மான்னு கேட்டார். கல்யாணத்துக்கு வராத அண்ணனைப் பத்தி யோசிக்கிறேன்னேன். உடனே அவர் தன் கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவைப் பத்தி ஆரம்பிச்சார். வண்டி ஓட்டுறவர் தன் அக்கா வராததைச் சொன்னார். திட்ட வந்த முதலாளி, தான் யார் கல்யாணத்துக்கெல்லாம் போகலைன்னு பெட்டி மேல உக்காந்து சொல்ல ஆரம்பிச்சுட்டார். ஒரு மணி நேரம் ஒரு பெட்டி நகரலை. ஒரு பேரைக் கேட்டதும் ஆளுங்க தன் கதையைச் சொல்ல ஆரம்பிச்சா, அந்தப் பேர் விக்கும். இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு எனக்கு மாட்டினதில்லை.

பதிவுப் பேர் உன் நம்பராவே இருக்கட்டும். கடைப் பேர் "வராத அண்ணன்". நேத்துப் பதிஞ்சாச்சு. அதிகாரி படிவத்தைப் பார்த்துட்டு, "ஏன் வரலை?"ன்னு கேட்டார். முத்திரை குத்த வெச்சுட்டுத்தான் கதையைச் சொன்னேன். பாட்டில் பின்னாடி உன் ஜனவரிக் கடிதத்துல இருந்து நாலு வரி போடப்போறேன். மறுத்துப் பேச உனக்கு வாய் கிடையாது.

அறிமுக விழா இங்க எங்க கம்பெனியில, மே இருபத்தொண்ணு. பூக்கிற நேரம்னு தெரியும். தெரிஞ்சேதான் வெச்சேன். பார்க்கலாம்.

உன் தங்கச்சி

முதுகு எப்படி இருக்கு?


மே 16

அன்புள்ள வாலுக்கு,

நலம். முதுகும் நலம். ஏப்ரல்ல நீ போட்ட ரெண்டு கடிதத்தையும் சட்டைப் பையிலேயே வெச்சிருக்கேன். மாப்பிள்ளைக்கு நான் ஒரு பாட்டில் கடன், கையோட கொண்டு வர்றேன்.

கொடி சரியா இருபதோ இருபத்தொண்ணோ பூக்கும். இந்த வருஷம் முப்பத்தொண்ணையே தாயா வெச்சு நாலு கொத்துல புதுக் கலப்பு பண்ணலாம்னு இருந்தேன். வேண்டாம், போகட்டும். மேஸ்திரிகிட்ட இடுக்கியைக் குடுத்துட்டேன். கடைசி நாள் பஸ்ஸை நான் நம்ப மாட்டேன், பத்தொன்பதாம் தேதியே கிளம்புறேன். தொட்டிப் பக்கம் போகாம பின்வாசல் வழியாப் போவேன்.

முன் வரிசையில ஒரு நாற்காலி போட்டு வை. இந்தத் தடவை அதுல ஆள் இருக்கும்.

அண்ணன்


மே 21, உன் பண்ணை, உன் மேஜை, உன் பேனா

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ என் வீட்டு வாசல்ல நின்னு பூட்டைப் பார்த்து முழிச்சிருப்பே. பக்கத்து வீட்டுல சாவி வாங்கியிருப்பேன்னு நம்புறேன். சாப்பிட்டியா? அரிசி மேல் தட்டுல இருக்கு.

பதினேழாம் தேதி நான் உனக்கு ஒரு அவசரக் கடிதம் போட்டேன். அது இப்போ உன் மேஜை மேல, என் முழங்கைக்குப் பக்கத்துல பிரிக்காம கிடக்கு. என்ன எழுதியிருந்தேன்னு நானே சொல்றேன். உன்னை மறுபடியும் பூவுக்கும் எனக்கும் நடுவுல நிறுத்தி வேடிக்கை பார்க்க மனசு வரலை. விழாவை உன் ஆறாம் வரிசைக்கே மாத்திட்டேன், எல்லாரையும் கூட்டிக்கிட்டு நானே வர்றேன், நீ நகராம இருன்னு எழுதியிருந்தேன்.

பத்தொன்பதாம் தேதி விடியக்காலையிலேயே ரெண்டு வேன்ல கிளம்பி, ஊர் ஊரா ஆளுங்களை ஏத்திக்கிட்டு, இன்னிக்குக் காலையில இங்க வந்து இறங்கினோம். கன்று வாங்குற விவசாயிகள், கடைக்காரங்க, எல்லாருமா முப்பத்தாறு பேர். நான் கொடி பக்கத்துல நின்னு, "இதுதான் வராத அண்ணன். இதை உண்டாக்கின என் அண்ணனை இப்போ கூப்பிடுறேன்"னு சொன்னேன். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கிட்டு, "அவர் வரலைம்மா. உங்க ஊருக்குப் போயிட்டார்"னார். அப்புறம் சிரிச்சாங்க பாரு, ஒரு பெரியவர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். பேரை விளக்குற வேலையே எனக்கு மிச்சமாச்சு. பதினேழு விவசாயிகள் அங்கேயே கன்றுக்குக் கையெழுத்துப் போட்டாங்க. உன் மேலாளர் பக்கத்து வரிசையிலயும் இதையே நடணும்னு சொல்றார். உன் கொடி பிழைச்சுடுச்சு, அண்ணா. எனக்கு அழுகையா வந்துது, சிரிச்சுக்கிட்டேதான்.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லக் கூச்சமா இருக்கு. வேன் ரெண்டு மணிக்குக் கிளம்பணும். நாளைக்குக் காலையில முதலாளி பொண்ணுக்குக் கல்யாணம், உனக்குத் தெரியாது, முன் வரிசையில எனக்கு இடம் போட்டிருக்கார். கிளம்புறதுக்கு முன்னாடி மேஸ்திரி, நீ முப்பத்தொண்ணுல புதுக் கலப்புக்குன்னு நினைச்சு வெச்சிருந்த நாலு கொத்தைக் காட்டினார். தொப்பி லேசா விரிசல் விட்டிருந்துது. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலை, முறையை வேணா பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன்னார். ஒரு கொத்தை முடிச்சுட்டு ஓடிடலாம்னு இடுக்கியைக் கையில வாங்கினேன்.

வேன்காரர் ஹார்ன் அடிச்சது கேட்டுது. நிஜமாவே கேட்டுது. ஆனா கையில பாதிக் கொத்து இருந்துது. நிமிர்ந்தப்ப மணி அஞ்சு, இவர் மட்டும் காகிதப் பையைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தார். இன்னும் ரெண்டு கொத்து இருக்கு, நாளைக்குத்தான் முடியும். இவரைக் கடைசி பஸ்ல ஏத்தி இந்தக் கடிதத்தைக் குடுத்தனுப்புறேன்.

அதனால நாளைக்கு நீதான் கல்யாணத்துக்குப் போகணும். இவரோட சட்டையில நல்லதா ஒண்ணைப் போட்டுக்கோ, நேரத்தோட கிளம்பு, முன் வரிசையில என் இடத்துல உக்காரு. ஏன் உங்க தங்கச்சி வரலைன்னு முதலாளி கேப்பார். பூவை விட்டு வர முடியலைன்னு உள்ளதை உள்ளபடி சொல்லு, அண்ணா. ஒண்ணும் ஆயிடாது.

உன் வாலு